பறவை இல்லாத குழி

கோடுகள் எல்லாம் இன்னும் தரையிலேயே கிடக்கின்றன. இயந்திரம் சூடாகிறது, ஆறுகிறது, மறுபடி சூடாகிறது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் அதன் வயிற்றுக்குள்ளிருந்து பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வருகிறது. இத்தனை வருடமாகக் கேட்ட சத்தம்தான், இன்றைக்குத்தான் அது மூச்சு மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு, தட்டு நிறையச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு பறவையின் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்த ஈரத்தின் சாறு. அந்தச் சாற்றில் ஃப்ளூ வைரஸின் துணுக்கு ஒன்று இருந்தால்கூட இயந்திரம் அதை இரண்டாக்கும், நான்காக்கும், எட்டாக்கும், போதுமான அளவு பெருகியதும் திரையில் அந்தக் குழிக்குரிய சிவப்புக் கோடு தரையை விட்டு எழும்பும். எழும்பாவிட்டால் இல்லை என்று அர்த்தம். என் தொழிலே இவ்வளவுதான், எழும்புகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பது. கடைசி வரிசையில் ஒரு குழியில் இருப்பது நான். இன்று காலை என் உதவியாளர் ஜெஸிந்தா ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்னால், கழிவறைக் கண்ணாடியின் முன் நின்று வாயைத் திறந்து என் தொண்டையையும், சிவந்துபோன இடது கண்ணின் கீழிமையையும் நானே துடைத்தேன். ஆயிரக்கணக்கான பறவைகளுக்குச் செய்த கை, என் வாய்க்குள் வழி தெரியாமல் பல்லில் இடித்தது. குச்சியை டியூபுக்குள் ஒடித்துப் போட்டு மூடி, மூடியின்மேல் செங்கால் உள்ளான் என்று எழுதினேன். ஏன் அந்தப் பறவை என்று தெரியவில்லை. சேற்றில் ஆளை முதலில் பார்ப்பதும் முதலில் கத்துவதும் அதுதான், அது கத்தினால் சுற்றியிருக்கிற எல்லாம் எழும்பிப் போய்விடும், வலை விரித்த நாட்களில் நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிற பறவை. நான் கத்தவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து இன்று சனிக்கிழமை வரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை உப்பளத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பே எல்லாம் வெள்ளையாக இருந்தது. பாத்திகளில் உப்பு, உப்பின்மேல் வெளிச்சம், கண்ணைத் திறக்கமுடியாத வெள்ளை. அந்தக் கடற்காகம் வலையில் விழவில்லை. வலைக்குப் பக்கத்தில் வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தது, ஆள் போனபோதும் பறக்கவில்லை, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிப்போய், வானத்தில் தொலைத்த எதையோ தேடுவது மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெஸிந்தா அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்தாள். "சார், காலப் பாருங்க, யாரோ முன்னாலயே கொலுசு போட்டிருக்காங்க" என்றாள். பழைய வளையம், பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய எண் பொறித்துக் காலில் மாட்டுவது. வடக்கே எங்கோ ஒரு ஏரிக்கரையில், எங்களைப் போலவே குத்தவைத்து உட்கார்ந்த யாரோ மாட்டியது. வளையம் போட்ட பறவை கிடைத்தால் எங்கள் ஆட்களுக்கு வருகிற சந்தோஷத்தை வெளியில் யாருக்கும் விளக்கமுடியாது. முகவரி எழுதாத கடிதம் ஒன்று நம் வாசலுக்கே வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். பறவை சாகப்போகிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த நிமிடம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வளையத்தின் எண்ணைப் படிக்கவேண்டும். எறும்பு ஊர்ந்த மாதிரி எண்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது, பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை, படிக்கிற கண்ணாடி சட்டைப்பையில், சட்டை பாதுகாப்பு உடைக்கு உள்ளே. முகத்தில் கட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியோ வேர்வையில் மங்கிப்போயிருந்தது. எனக்குத் தெரியலம்மா, நீ படி என்று ஜெஸிந்தாவிடம் நீட்டியிருக்கலாம். அவள் என்னைவிட இருபது வயது சின்னவள், ஒரு நொடியில் படித்திருப்பாள், ஒரு கேலியும் செய்திருப்பாள், அதோடு போயிருக்கும். நான் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பறவையைப் பிடித்த கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, எழுத்து தெளிகிற தூரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தெளிந்தது. எண்ணைச் சத்தமாக, தப்பில்லாமல் படித்தேன். அப்போதுதான் அது தலையை உதறியது. மூக்கிலிருந்து ஏதோ ஒரு துளி, இல்லை, துளிகூட இல்லை, குளிர்ச்சியாக ஒரு பொட்டு, இடது கண்ணுக்குள். ஜெஸிந்தா குனிந்து எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். தண்ணீர் பாட்டில் பத்தடி தள்ளிக் கிடந்தது. கண்ணை உடனே கழுவவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். கழுவினால் ஏன் என்று கேட்பார்கள். அடுத்த பறவையை எடு என்றேன். அந்தக் கடற்காகம் வண்டியிலேயே, பெட்டிக்குள் செத்துப்போயிருந்தது.

இதையெல்லாம் இப்போது வரிசையாக நினைக்கமுடிகிறது. அன்றைக்கு வரிசை இல்லை. அன்றைக்கு என் மனதில் இருந்தது பாளையங்கோட்டையில் என் வீடு, வீட்டில் என் மகள் தாரிணி, தாரிணியின் மடியில் பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளே ஆன பெண்பிள்ளை. முதல் பேத்தி. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் மனைவி வடிவு, "முதல்ல போய்க் குளிங்க, மீன் நாத்தம் நாறுது" என்று துண்டை எறிந்தாள். குளித்தேன். நன்றாகக் குளித்தேன், சோப்பு இரண்டு தடவை போட்டேன், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை நானே எனக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கண் உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளையை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தபோது கண்ணைக் கசக்கினேனா? கசக்கிய கையால்தான் அவள் கன்னத்தைத் தொட்டேனா? அவள் என் சுண்டுவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள், பிறந்த பிள்ளைகள் எல்லாம் செய்கிற காரியம், தாரிணி சிரித்தாள், "பாருங்கப்பா, உங்க விரலையே சாப்பாடுன்னு நினைக்கா" என்றாள். விரலை எடுத்தேனா, எவ்வளவு நேரம் கழித்து எடுத்தேன்? அந்த இடத்தில் ஞாபகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஒரு தடவை நினைத்தால் வலது கை, கண்ணைத் தொடாத கை. இன்னொரு தடவை நினைத்தால் இடது கை. முந்தாநாள் வியாழக்கிழமை கண் சிவந்தது. அன்றைக்கே வடிவைக் கூப்பிட்டு, மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது, ஒட்டிக்கொள்ளும், இங்கே ஆய்வகத்து விருந்தினர் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பொய் இல்லை, இதுவும் அப்படித்தான் இருக்கும், கண் சிவக்கும், நீர் வடியும். மெட்ராஸ் ஐயாகவே இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்றுதான் இந்த மூன்று நாளும் போயிற்று.

"சார், டீ. ஆறிட்டுன்னு பெறகு சொல்லாதீங்க." ஜெஸிந்தா தம்ளரை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். "என்ன ஜெஸிந்தா, சுவர்ல என்ன இருக்கு?" என்றால், "உங்களைப் பாக்க மாட்டேன் சார். மெட்ராஸ் ஐ பார்வையிலேயே ஒட்டும்னு எங்கம்மா சொல்லும்" என்கிறாள். "வைரஸ் லேப்ல வேலை பாத்துட்டுப் பேசற பேச்சா இது?" "லேப்ல வேலை பாக்கேன் சார், எங்கம்மா வீட்லதான் சாப்புடுதேன். ரெண்டையும் நம்பணும்லா. மெட்ராஸ் ஐன்னு பேருதான், மெட்ராஸ்ல எங்க இருக்கு, எங்க தெருவுலதான் இருக்கு பூராவும்." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் தெருவில் இருக்கிறது. அவள் தெருவில் எல்லாருக்கும் இருக்கிறது என்றால் அவளிடமிருந்துதானே எனக்கு வந்திருக்கவேண்டும், வந்திருக்கலாம். என் மனம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்க்கிறது. ஆனால் அவள் கண் வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் அன்றைக்கு முகத்தில் கட்டியதைக் கடைசிவரை கழற்றவில்லை. பையில் அந்தப் பறவையை எடுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான், ஆனாலும் அவளுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அவள் சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறவள், நான் சொல்லிக்கொடுக்கிறவன். டீயில் ஏலக்காய் மணம் வருகிறது. மணம் தெரிகிறது, அப்படியென்றால் மூக்கு சரியாக இருக்கிறது. தொண்டை? எச்சில் விழுங்கிப் பார்க்கிறேன். வலிக்கிறதா, வலிக்கும் என்று எதிர்பார்ப்பதால் வலிக்கிறதா? நெற்றியைத் தொட்டால் சூடாக இருக்கிறது, கையும் சூடாக இருப்பதால் நெற்றி சூடா என்று தெரியவில்லை, தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

வைரஸ் என்றதும் ஜனங்களுக்கு ஏதோ ஒன்றே ஒன்று, ஒரு கொலைகாரன், ஒரு முகம். எனக்கு அப்படி இருந்ததில்லை. ஒரு ஆலாப் பறவையின் தொண்டைக்குள் நாங்கள் பார்த்தது ஒரு ஊர். ஒன்றோடொன்று கலந்து, பிரிந்து, ஒன்றின் பாதியை மற்றொன்று எடுத்துக்கொண்டு, பெயர் வைக்கமுடியாதவை, பெயர் வைத்து முடிப்பதற்குள் மாறிவிடுபவை, பெரும்பாலும் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதவை. பறவைக்கும் தெரியாது, தன்னோடு இத்தனை பேர் சைபீரியாவிலிருந்து தூத்துக்குடி வரை ஓசியில் வருகிறார்கள் என்று. கூட்டங்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வாத்து வளர்ப்பவர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன், பறவையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கொண்டுவருவதில் ஆயிரத்தில் ஒன்றுகூட உங்களைத் தொடாது. சரிதான், உண்மைதான், இப்போதும் உண்மைதான். கடற்காகங்களுக்கென்றே சில ஃப்ளூ வகைகள் இருக்கின்றன, மனிதனின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவை. அந்தக் கழுத்துத் திருகலுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம், விஷம், அடி, மூளையில் புழு. ஆயிரத்தில் ஒன்று. ஆனால் ஆயிரத்தில் ஒன்று என்று சொன்ன அத்தனை மேடைகளிலும் அந்த ஒன்றின் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. யாரோ, எங்கோ, செய்தித்தாளில் நான்கு வரியில் வருகிற ஒருவர். அந்த நான்கு வரியில் ஊஞ்சல் இருக்காது. பாலும் வசம்பும் சேர்ந்த அந்த உச்சந்தலை வாசனை இருக்காது. பிறந்த பிள்ளையின் மூச்சு எவ்வளவு சின்னது என்று யாரும் எழுதமாட்டார்கள். பறவையின் மூச்சை நான் உள்ளங்கையில் உணர்ந்திருக்கிறேன், விரலிடுக்கில் அந்த மார்பு விரிந்து சுருங்கும், சிறு அழுத்தம் கூடினாலும் நின்றுபோகும், அதனால் பிடிக்கத் தெரிந்தவர்களைத்தான் பிடிக்கவிடுவோம். பேத்தியை வாங்கியபோதும் என் விரல்கள் தாமாகவே அந்தப் பிடிக்குப் போயின. தாரிணி பார்த்துவிட்டாள். "அப்பா, அவ பறந்துற மாட்டா" என்றாள்.

போன் மேசையில் நடுங்குகிறது. வடிவு. "ஏங்க, எங்க இருக்கீங்க? சிவகாசிக்காரங்க வந்து இறங்கியாச்சு, ரெண்டு வேன் நிறைய. மாப்பிள்ளையோட அத்தை வந்ததும் வராததுமா, பேர் சொல்லுத தாத்தா எங்கன்னு கேக்கா." "வேலை முடியல வடிவு." "உங்க பறவைங்க எங்க போயிரப் போவுது, அதுங்க வருஷா வருஷம் வரும். தொட்டில் போடுதது ஒரு தடவைதான்." "கண்ணு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு." "கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வாங்க, சினிமாக்காரர் மாதிரி இருக்கும். தள்ளி நின்னு பேரைச் சொல்லிட்டுப் போயிருங்க." "காதுல சொல்லணுமே, எப்படித் தள்ளி நிக்கது?" "அதுவும் சரிதான்" என்று சிரிக்கிறாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. தொட்டில் போடுகிற அன்று, பெண்ணைப் பெற்றவன்தான் பேரப்பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லவேண்டும். உதடு காதில் உரசவேண்டும், வெளியில் கேட்கக்கூடாது, பிள்ளைக்கு மட்டும் கேட்கவேண்டும். சொல்வது என்றால் ஊதுவது. பெயர் என்பது அந்தக் காதுக்குள் போகிற மூச்சு. இதை வைரஸ் படித்தவன் கண்டுபிடித்திருந்தால் இப்படி ஒரு வழக்கத்தை வைத்திருக்கமாட்டான் என்று நினைக்கிறேன், நினைத்துக்கொண்டிருக்கும்போதே வடிவு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், "…ராத்திரி பூரா கொர்ர் கொர்ர்னு. மூக்கடைப்பு. மஞ்சள் சுட்டுக் காட்டுனேன்." "யாருக்கு?" "பிள்ளைக்குத்தாங்க, வேற யாருக்கு." "பால் குடிக்கிறாளா?" "குடிக்கா, ரெண்டு இழுப்பு இழுத்துட்டு விட்டுருதா, மூச்சு முட்டுதுல்லா." "காய்ச்சல் இருக்கா?" "ஏன் அப்படிக் கேக்கீங்க?" "சும்மாதான்." "தொட்டா வெதுவெதுன்னு இருக்கா. பச்சப்பிள்ளை அப்படித்தான் இருக்கும். சளிக்கு எல்லாம் பயந்தா பிள்ளை வளக்க முடியுமா. நீங்க வருவீங்களா மாட்டீங்களா, அதச் சொல்லுங்க." "முடிஞ்சதும் கூப்பிடுறேன்" என்றேன். என்ன முடிந்ததும் என்று அவள் கேட்கவில்லை.

திரையில் பச்சைக் கோடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவை எப்போதும் முதலில் வருபவை, அவற்றை யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை, சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லையே, அந்த மாதிரி. சிவப்புக்காகத்தான் காத்திருக்கவேண்டும். மூக்கடைப்பு. எந்தப் பிள்ளைக்கும் வரும். பிள்ளை பார்க்க வருகிற கூட்டம், ஈரம், விசிறி, பவுடர். ஆனால் அவளுக்கு இருந்தால், இருந்தால் என்று வைத்துக்கொள், வைத்துக்கொள்ளமுடியவில்லை, இருந்தாலும் மருந்து இருக்கிறது, ஆனால் அந்த மருந்து ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் கேட்கும், தாமதித்தால் தண்ணீர் கொடுத்த மாதிரி. இதுவும் நான் பாடம் எடுப்பதுதான். பின் ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை? புதன்கிழமை இந்தக் கடற்காகத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்திருக்கலாமே? தட்டு நிறையவேண்டும் என்று இருந்தேன். எங்கள் வேலைமுறை அது, மருந்துச் சாமான் விலை அதிகம், குழிகள் காலியாக இருக்கத் தட்டை ஓட்டமாட்டோம், வாரம் முழுவதும் சேர்த்து சனிக்கிழமை ஒரே தட்டாக ஓட்டுவோம். ஒரு பறவைக்காகத் தட்டு ஓட்டினால் எதற்கு என்று ஜெஸிந்தா கேட்பாள். அதுதானா? அது மட்டும்தானா? தெரியாததைச் சொல்லக்கூடாது என்று எனக்குள் யாரோ எப்போதோ ஆணி அடித்து மாட்டிவைத்திருக்கிறார்கள். முதலில் தெரியட்டும், பிறகு சொல்லலாம். இருப்பது உறுதியானால் சொல்லலாம். இல்லையென்று உறுதியானால் சொல்லவேண்டியதே இல்லை, சம்பந்திகள் முன்னால் தலைகுனியவேண்டாம், வீட்டுக்கு வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வரவேண்டாம், என் மகள் என்னை அந்தப் பார்வை பார்க்கவேண்டாம். ஆக நான் காத்திருந்தது உண்மைக்காக இல்லை, உண்மை என்னைக் காப்பாற்றிவிடும் என்று காத்திருந்திருக்கிறேன். அதற்குள் ஒரு சிவப்புக் கோடு எழும்புகிறது. மெதுவாக இல்லை, சட்டென்று, பாம்பு தலையைத் தூக்குவது மாதிரி. எந்தக் குழி என்று பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் பார்க்கிறேன். கடற்காகம். அடுத்து ஒரு நீலச்சிறகி வாத்து, லேசாக. அப்புறம் ஒன்றுமில்லை. மற்ற எல்லாச் சிவப்பும் தரையில். கடைசி வரிசையும் தரையில். இயந்திரம் இன்னும் சில தடவை மூச்சு விடுகிறது, நான் அந்தத் தரையையே பார்க்கிறேன், என் கோடு எழும்பவில்லை, எழும்பவில்லை, எழும்பவே இல்லை, ஓட்டம் முடிந்து மணி அடிக்கிறது. இல்லை. எனக்கு இல்லை. தொண்டையில் இருந்த வலி அந்த நிமிடமே போய்விட்டது. கறுப்புக் கண்ணாடி வாங்கவேண்டும், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் விற்பான், பஸ்ஸில் ஏறினால் தொட்டில் போடுவதற்குள் போய்விடலாம், போகிற வழியில் பூ, இனிப்பு, பிள்ளைக்கு ஏதாவது. எழுந்துவிட்டேன், உண்மையாகவே நாற்காலியைத் தள்ளி எழுந்துவிட்டேன்.

ஜெஸிந்தா வந்து திரைமுன் குனிகிறாள், சுவர்ப்பக்கம் திரும்புவதை மறந்துவிட்டாள். "அய்யோ, அந்தக் காக்காவுக்கு இருந்திருக்கே சார். அதான் கழுத்து அப்படிப் போச்சு. என்ன வகைன்னு திங்கக்கிழமைதான் பாக்கணும்." பிறகு விரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகிறாள். "இந்த உள்ளானுக்கு யாரு குச்சி போட்டது? பச்சையே வரலையே. காத்தத் தொடச்சுட்டு வந்திருக்காங்க போல." "என்ன?" "பாருங்க சார், பச்சை தரையில கிடக்கு. இந்தக் குழில பறவையே இல்ல." நான் பார்க்கிறேன். எல்லாப் பச்சைக் கோடுகளும் மேலே போய்க் கூரை மாதிரி நிற்கின்றன, ஒன்று மட்டும் கீழே. பச்சை எதற்கு என்று எனக்குத் தெரியும், வேறு யாரையும்விட எனக்குத் தெரியும், அதை வடிவமைத்தவனே நான்தான். குச்சி பறவையை உண்மையிலேயே தொட்டதா, ஈரம் சரியாக வந்ததா, சாறு எடுக்கும்போது வீணாகிவிட்டதா என்று தெரிந்துகொள்வதற்காக, ஒவ்வொரு குழியிலும் பறவையின் சொந்த உடம்புத் துணுக்கு ஒன்றைத் தேடச் சொல்லியிருக்கிறோம். பச்சை எழும்பினால்தான் சிவப்பின் பேச்சை நம்பலாம். பச்சை எழும்பாவிட்டால் சிவப்பு இல்லை என்பதற்கு அர்த்தமே கிடையாது. நான் பறவை இல்லை. என் தொண்டையை எவ்வளவு துடைத்தாலும் அதில் பறவை இருக்காது. பல்லில் இடித்த குச்சி தொண்டையைச் சரியாகத் தொட்டதா, சாற்றில் என் ஈரம் வந்ததா, வைரஸ் இருந்து தவறிவிட்டதா, உண்மையிலேயே இல்லையா, இந்த இயந்திரத்தால் சொல்லமுடியாது. அதற்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் போய்க் கேட்டிருக்கிறேன். மனிதர்களுக்கு வேறு சோதனை, வேறு ஆஸ்பத்திரி, வேறு வரிசை, அங்கே போனால் பெயர் சொல்லவேண்டும், நடந்ததைச் சொல்லவேண்டும். சொல்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி தேடி, என்னைப் பறவையாக்கி, செவ்வாயிலிருந்து சனி வரை அந்தப் பிள்ளையின் மூச்சைச் செலவழித்திருக்கிறேன்.

"அது நான்தான்" என்றேன். ஜெஸிந்தா, "நீங்களா குச்சி போட்டீங்க? உங்க கைக்கு இப்படி ஆகாதே" என்றாள். "குச்சி போட்டது நான்தான். குழியில இருக்கிறதும் நான்தான்." அவள் முதலில் சிரிக்கத் தயாரானாள், என் முகத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை, கண்ணைப் பார்த்தாள், இந்த முறை நன்றாகப் பார்த்தாள், ஒரு எட்டு பின்னால் போய் மேசையில் கிடந்த முகக்கவசங்களை எடுத்து ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினாள். "அன்னைக்கு வளையம் படிக்கும்போதா சார்?" "ஆமா." "நான் படிச்சிருப்பனே சார்." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வீட்ல பச்சப்பிள்ளை இருக்குல்லா" என்றாள் பிறகு, கேள்வியாக இல்லை. மேலதிகாரிகளுக்கு நான் போன் செய்கிறேன் என்றாள், நீங்கள் வீட்டுக்குச் செய்யுங்கள் என்றாள், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். போனில் வடிவின் பெயரைத் தொட்டு, விட்டு, தாரிணியின் பெயரைத் தொட்டேன். வடிவிடம் சொன்னால் அவள் முதலில் என்னை நம்பமாட்டாள், சமாதானம் சொல்வாள், அந்தச் சமாதானத்தை நான் வாங்கிக்கொண்டுவிடுவேன்.

"அப்பா" என்றாள். "தாரிணி, தனியா இருக்கியா?" "மாடி ரூம்ல இருக்கேன்பா. கீழ ஒரே சத்தம். என்ன, நீங்க வரலைன்னு அம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்கா." சொன்னேன். கடற்காகம், வளையம், கண், ஊஞ்சல், விரல். சொல்ல எவ்வளவு குறைவாக இருந்தது. கீழே யாரோ பெண்கள் சேர்ந்து சிரிப்பது போன் வழியாகக் கேட்டது. "என்னைக்கு?" என்றாள். "செவ்வாய்க்கிழமை." "அம்மாட்ட மெட்ராஸ் ஐன்னீங்க." "ஆமா." "இப்ப உங்களுக்கு அது இருக்கா?" "தெரியலம்மா." "தெரியலன்னா? நீங்கதானப்பா பாக்கறவங்க." "பாத்தேன். தப்பாப் பாத்துட்டேன். இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்." அவள் மூச்சு விடுவது கேட்டது, அதற்கும் பக்கத்தில், அதைவிடச் சின்னதாக, அடைத்து அடைத்து இன்னொரு மூச்சும். கேட்டதாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ. கீழே இறங்காதே, யாரையும் உள்ளே விடாதே, மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லி வண்டியை எடுக்கச் சொல், பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போ, குழந்தை டாக்டரிடம் பறவைக்காய்ச்சல் என்ற வார்த்தையை முதலிலேயே சொல், பிள்ளையின் மூக்கில் குச்சி விட்டு எடுப்பார்கள், ரிசல்ட் வருகிறவரை காத்திருக்கவேண்டாம், மருந்தை இப்போதே ஆரம்பிக்கச் சொல், நீயும் போட்டுக்கொள், நான் நேரே அங்கே வந்து வெளியில் நிற்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். குரல் பாடம் எடுக்கிற குரலாகவே வந்தது, எனக்கு வேறு குரல் இல்லை போலிருக்கிறது. "காத்திருக்க வேண்டாம்ங்கீங்க" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இனி எத்தனை நாள் யோசிக்கப்போகிறேனோ. பிறகு துணி உரசும் சத்தம், வளையல், ஏதோ ஒரு பையை இழுக்கும் சத்தம். அவள் குரல் மறுபடி வந்தபோது தணிந்திருந்தது, எனக்காகத் தணிந்தது இல்லை. "ராத்திரி பூரா தூங்கலப்பா. இப்பதான் கண்ண மூடுனா. எழுப்பவா?"

"எழுப்பு" என்றேன்.